பேய்க்கு ஒதுக்கிய இரண்டரை ஏக்கர்

பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்
ராட்டினத்துக்கும் அலைக்குளத்துக்கும் நடுவே
இரண்டரை ஏக்கர் சும்மா கிடந்தது.
வேலிக்காத்தான், மூக்குடைந்த வாத்துப் படகு ஒன்று,
கல்லுக்கே நாக்கு வறளும் வெயில்.

"பேய் ஆஸ்பத்திரி" என்றார் முதலாளி.
மேல்விஷாரத்தில் தோல் பதனிட்ட குடும்பம்;
எதையும் புரட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார்.
"வேலூர்னா ஆஸ்பத்திரி. வேற எங்க போய்த் தேடறது?"

வரைந்தேன். அதற்குத்தான் சம்பளம்.
நாற்பது மீட்டர் தாழ்வாரம்,
ஒன்று விட்டு ஒன்று துடிக்கும் டியூப்லைட்,
தானே உருண்டு வரும் ஸ்ட்ரெச்சர்,
பிணவறைக் கதவின் அடியில் கசியும் ஐஸ் புகை.
வளைவில் டாக்டர் பேய்:
கையில் முழ நீள ஊசி,
வெள்ளைக் கோட்டில் சிவப்பு பெயிண்ட்.
அதற்குக் கன்னியப்பனைச் சொல்லிவைத்தோம்.
அலைக்குளத்தில் விசில் ஊதுகிறவன், ஒடுகத்தூர்,
ஆறடி, சிரிப்பு ஒட்டாத முகம்.

திரையில் எல்லாம் நீலக் கோடு.
சுவரும் நீலக் கோடு, பயமும் நீலக் கோடு.

கூட்டம் முடியும்போது
டிக்கெட் கவுன்ட்டர் பெர்சிஸ் கேட்டாள்:
"செவ்வாக்கிழமை யார் வர்றாங்கன்னு
பார்த்திருக்கீங்களா சார்?"

இல்லை.
போய் நின்றேன்.

மால்டாவிலிருந்து, தன்பாத்திலிருந்து, சில்சாரிலிருந்து
காட்பாடியில் வந்து இறங்கியவர்கள்.
லாட்ஜில் ஒரு அறை, வாடகைக்கு ஒரு ஸ்டவ்,
கடுகெண்ணெயில் மீன் வறுத்துக்கொண்டு
நாள் எண்ணுகிறவர்கள்.
சாம்பிள் திங்களன்று கொடுத்தாகிவிட்டது.
ரிப்போர்ட் வியாழன்.
இந்தச் செவ்வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது
என்று தெரியாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.
பூங்காவின் மஞ்சள் பட்டை கட்டக் கையை நீட்டச் சொன்னால்
மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு பட்டை:
பேர், வயது, ரயில் நம்பரைவிட நீளமாய் ஒரு நம்பர்.
"இந்தக் கை வேண்டாம், அந்தக் கை" என்கிறாள் பெர்சிஸ்,
கவுன்ட்டரில் கற்ற வங்காளத்தில்.

சுபோல் என்று ஒருவர்
ராட்டினத்தில் ஏழு முறை ஏறினார்.
ஒவ்வொரு முறையும் உச்சிக்குப் போனதும்
மலையைப் பார்க்கவில்லை, நெடுஞ்சாலையைப் பார்க்கவில்லை.
கீழே பெஞ்சில்
அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக் கையசைத்தார்.
ஏழாவது முறை அவள் தூங்கியிருந்தாள்.

அன்றிரவு ஸ்ட்ரெச்சரை அழித்தேன். ஒரு பட்டன்தான்.
ஊசியை, கோட்டை, பிணவறையை.
தாழ்வாரத்தை முடியவில்லை,
அஸ்திவாரம் போட்டாயிற்று.
இருபுறமும் பெஞ்சு, மேலே மின்விசிறி,
கோடியில் ஒரு டீக்கடை என்று
வரைந்து நீட்டினேன்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றி
ரொம்ப நேரம் துடைத்தார்.
"பேய் வேணாம். சரி.
ஆனா பெஞ்சுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?"

நியாயம்தான்.

கடற்கொள்ளையர் என்று முடிவாயிற்று.
கடல் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
பக்கத்தில் பாலாறு, முக்கால்வாசி மணல்.
இருந்தாலும் கொள்ளைக்காரனைக் கண்டு
இங்கே யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது.
தாழ்வாரம் கப்பலின் வயிறு ஆனது.
பிணவறை புதையல் அறை.
ஐஸ் புகைக்கு அதே குழாய்.
கன்னியப்பனுக்கு இடுப்பில் பிளாஸ்டிக் வாள்,
இடது கண்ணில் கறுப்புத் துணி.

ஒத்திகையும் ஒரு செவ்வாயில்தான் வந்து விழுந்தது.

தகர வேலி இடுக்கில் ஒரு அம்மா,
சங்கு வளையல் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு
அவனையே பார்த்தாள்.
கர்ஜித்தான். வாளை ஓங்கினான்.
அவள் நகரவில்லை.
கிட்டே வந்து, பாதி இந்தியில்,
குரலைத் தணித்துக் கேட்டாள்:
ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் தம்பி?
கட்டு எப்போது பிரிப்பார்கள்?

கன்னியப்பன் என்னைப் பார்த்தான்,
மூடாத கண்ணால்.
பிறகு வாளை இறக்கிவிட்டு
"வியாழக்கிழமை" என்றான்.